அரசாணையால் கலைக்கலாமா?

தோழர்களே, நம் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குவோம். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை 2021 பிப்ரவரியில் சட்டமன்றம் உருவாக்கியது. மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு அதை விரும்பவில்லை. ஆனாலும் ஒரு துறைச் செயலாளரின் கையெழுத்தால் அதை மூட முடியவில்லை. ஆகஸ்ட் 31 அன்று சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்துதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்தது. திண்டிவனத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் சி.வி. சண்முகம் உயர்நீதிமன்றம் போனார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. சட்டத்தால் பிறந்ததைச் சட்டத்தால்தான் கலைக்க முடியும் என்பதால், எல்லாம் ஊரறிய நடந்தது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு அந்தக் காப்பு இல்லை. சென்னை மாகாணத் தொழிலாளர் துறை 1920களில் நடத்திய பள்ளிகளின் வாரிசுகள் அவை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுக்கெனத் தனிச் சட்டம் கிடையாது, அரசாணைகளில்தான் நிற்கின்றன. அதனால்தான் 2023 மார்ச் பட்ஜெட்டில், பல துறைகளின் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் என்று ஓர் அறிவிப்பாகவே சொல்லிவிட முடிந்தது.

சாதிப் பெயர் தாங்கிய பள்ளி என்றைக்கும் இருக்க வேண்டும் என்று நாங்கள் வாதாடவில்லை. இணைப்பை வரவேற்கும் தோழர்களும் நம்மிடையே உண்டு. கட்டடமும் நிலமும் ஆசிரியர் பணியிடமும் பட்டியல் சாதியினருக்கான நிதியும் யார் கைக்குப் போகும் என்பதே எங்கள் கேள்வி.

அரசாணைக்கும் வரம்பு உண்டு. அரசமைப்புச் சட்டம் 338ஆவது பிரிவின் 9ஆம் உட்பிரிவு, பட்டியல் சாதியினரைப் பாதிக்கும் முக்கியக் கொள்கை முடிவுகளில் மாநில அரசும் தேசிய ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. ஆலோசனை என்றால் ஒப்புதல் அல்ல. ஆனால் கேட்டாக வேண்டும். 14ஆவது பிரிவு, காரணமற்ற தன்னிச்சையான முடிவைத் தடுக்கிறது. இணைப்பு என்ற பெயரில் பள்ளியையே மூடினால், அருகமைப் பள்ளி தர வேண்டிய கடமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு நினைவூட்டும். 46ஆவது பிரிவைப் பலர் மேடையில் முழங்குகிறார்கள். அது வழிகாட்டு நெறி, அதை மட்டும் வைத்து வழக்கில் வெல்ல முடியாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்கக் கல்வித் துறை 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. 2025 மார்ச்சில் அதை மூட உத்தரவிட்ட டிரம்ப்கூட, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்று எழுத வேண்டியிருந்தது. ஆனால் ஜூலையில், ஆட்குறைப்பைத் தொடர அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. சட்டம் அப்படியே இருக்க, ஆட்கள் போய்விட்டார்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாமலே ஒரு பள்ளியைச் சாகடிக்கலாம் என்பது நமக்குப் புதிதல்ல.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கும் மாணவத் தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, நிர்வாக முடிவின் காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லச் சொல்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: ஆணையத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் எங்கே? உங்கள் ஊர்ப் பள்ளியின் நிலம் யார் பெயரில் இருக்கிறது? அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை காலி?