இரண்டு வாரமா, நாலு வருஷமா?

சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு கட்சிதான். 'எல்லாத்தையும் முதல்ல எழுதிக் கையெழுத்து வாங்கு, அப்புறம் புரோகிராம்' என்கிற வாட்டர்ஃபால் கட்சி. 'இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டா முடிச்சுக் காட்டு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற அஜைல் கட்சி. தினமும் காலையில் மீட்டிங்கை ஏன் நின்றுகொண்டே நடத்துகிறீர்கள் என்று ஓர் அஜைல்காரனைக் கேட்டேன். "உட்கார்ந்து பொய் சொன்னா ரொம்ப நேரம் ஆகுது சார்" என்றான்.

இந்தச் சண்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாட்டர்ஃபாலின் தாத்தா என்று சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் எழுதிய கட்டுரையில் அந்த வார்த்தையே கிடையாது. படிப்படியாக இறங்கும் படத்தைப் போட்டு, இதை இப்படியே செய்தால் ஆபத்து என்றுதான் எழுதினார். ஜனங்கள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில், யூட்டா மலையில் கூடி அஜைல் அறிக்கை எழுதிய 17 பேரும் திட்டமே கூடாது என்று சொல்லவில்லை.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு எஃப்.பி.ஐ. கதை நல்ல உதாரணம். கேஸ் கட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற அவர்கள் செய்த முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலரை விழுங்கிவிட்டு 2005-ல் கைவிடப்பட்டது. 2006-ல் 'சென்டினல்' என்ற பெயரில் மறுபடி ஆரம்பம். நாலு கட்டங்கள். நாலு வருஷம் கழித்து, 2010 ஆகஸ்டில் கணக்குப் பார்த்தால் 45 கோடி பட்ஜெட்டில் 40 கோடி காலி. கைக்கு வந்தது இரண்டு கட்டம்.

அப்போது எஃப்.பி.ஐ. வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆட்களைக் குறைத்தார்கள். இரண்டு வாரத் தவணை, ஒவ்வொரு தவணையின் முடிவிலும் ஓடுகிற சாஃப்ட்வேர். ஆனால், பழைய தேவைப் பட்டியலைக் குப்பையில் போடவில்லை. அதையே உடைத்துக் குட்டிக் குட்டி வேலைகளாக்கி வரிசைப்படுத்தினார்கள். என்ன வேண்டும் என்பது பழைய பாணி. எது முதலில் என்பது புதுப் பாணி.

2011 அக்டோபரில் நூற்றுக்கணக்கானவர்களை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தபோது சிஸ்டம் இரண்டு தடவை படுத்துவிட்டது. பழைய ஹார்டுவேர் போதவில்லை. புரோகிராமை இரண்டு வாரத்தில் மாற்றலாம், சர்வரை அப்படி வாங்க முடியுமா? அதற்கெல்லாம் முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போடத்தான் வேண்டும். சொன்ன தேதியெல்லாம் தள்ளிப்போய், 2012 ஜூலையில் சென்டினல் ஒருவழியாக ஓட ஆரம்பித்தது.

டேட்டாபேஸ் அஸ்திவாரம், பணக் கணக்கு, பாதுகாப்பு, வேறு சிஸ்டங்களோடு பேசும் இடம், இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரை, ரிப்போர்ட், பட்டனின் நிறம் எல்லாம் போகப் போக மாறட்டும். பட்டனுக்கு நாற்பது பக்கம் எழுதுகிறவரையும், சம்பளப் பட்டுவாடா விதியை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிறவரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டலாம்.

நிறைய ஆபீஸ்களில் வேறு மாதிரிக் கலக்கிறார்கள். விலை, தேதி, தேவை மூன்றையும் ஒப்பந்தத்தில் இறுகக் கட்டிவிட்டு, 'நாம அஜைல்' என்று டீமை மட்டும் ஓடவிடுவது. இதில் நகரக்கூடிய ஒரே சமாசாரம் உங்கள் ஞாயிற்றுக்கிழமை. அடுத்த பிராஜெக்ட் ஆரம்பிக்கும்போது, மூன்றில் எது நகரும் என்று மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள். பதிலை ஈமெயிலில் வாங்குங்கள், வாயால் வேண்டாம்.