கத்திரி வெயிலில் எதை மிச்சம் பிடிப்பது?

வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, ஈரோடு. கோடையில் மாலைச் செய்தியில் வெயில் நிலவரம் வாசிக்கும்போது இந்த ஊர்கள்தான் மாறி மாறி முதலிடத்தில் வந்து நிற்கும். சென்னைக்காரர் "ஒரே புழுக்கம்" என்று அலுத்துக்கொள்ளும் அதே நாளில் வேலூர்க்காரர் "அனலா அடிக்குது" என்பார். இரண்டும் ஒரே வெயில் அல்ல. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். உள்மாவட்டங்களின் வறண்ட காற்று வியர்வையை வந்த வேகத்தில் உறிஞ்சிவிடும். சட்டை நனையாது. மாலையில் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் படிந்திருக்கும். "எனக்கு அவ்வளவா வேர்க்கவே இல்ல" என்று சொல்கிறவர் லிட்டர் கணக்கில் நீரை இழந்திருக்கலாம்.

மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரக் காலத்தில் வீட்டுச் செலவும் ஏறும். தண்ணீர் லாரி, கரண்ட் பில், ஜூஸ், மருந்து என்று வரிசையாக வரும்போது எங்காவது கையைச் சுருக்கித்தான் ஆகவேண்டும். ஆனால் பல வீடுகளில் சுருக்கக் கூடாத இடத்தில் சுருக்குகிறார்கள். பகலில் தனியாக இருக்கும் பாட்டி, "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு ஃபேன்?" என்று சுவிட்சை அணைத்துவிடுவார். வேலைக்குப் போகும் பெண், அங்கே சரியான கழிப்பறை இல்லை என்பதற்காகக் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். இதெல்லாம் சிக்கனக் கணக்கில் சேராது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தக் கோடை முழுக்க மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. வெள்ளம், புயலுக்கு வீட்டைத் தயார் செய்கிறோமே, அந்த வரிசையில் வெயிலையும் வைத்தாக வேண்டிய காலம் இது.

முதலில் மொட்டை மாடி

கோடையில் காசு போடுவதென்றால் முதல் காசு தலைக்கு மேலே போகட்டும். தளம் போட்ட வீட்டின் கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரவில் அதை அறைக்குள் இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் இரவு பதினொரு மணிக்கு மேல்தளம் சுடுகிறதே, காரணம் அதுதான். பகலில் சூடேறிய உடம்பு இரவுத் தூக்கத்தில் ஆறவேண்டும். இரவும் ஆறாமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால்தான் வயதானவர்களும் இதயநோயாளிகளும் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். உச்சி வெயிலுக்குப் பயப்படுகிற நாம் இந்த இரவுச் சூட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பங்குனி பிறந்ததும் மாடியைக் கூட்டிக் கழுவி இரண்டு கை சுண்ணாம்பு அடித்துவிடுவது பல ஊர்களில் பழைய வழக்கம். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் தளம் சூடேறுவதே குறைகிறது. 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்த அகமதாபாத் மாநகராட்சி, பின்னர் ஏழைகளின் குடியிருப்புக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையையும் அதில் சேர்த்துக்கொண்டது. இதற்கென்றே கடையில் விற்கும் வெள்ளைப் பெயின்ட் கூடுதல் காலம் உழைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். சுண்ணாம்பே போதும் என்பேன், ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கச் சலிப்பில்லை என்றால். ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மாடியில் கீற்றுப் பந்தல் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் காய்ந்த கீற்று ஒரு பட்டாசுப் பொறிக்குத் தாங்காது. திருவிழாவும் கல்யாணமும் நடக்கும் தெருவில் பச்சை நிழல்வலை அதைவிடப் பாதுகாப்பானது. சாயங்காலம் மாடி முழுக்கத் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை, லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் விட்டுவிடலாம். அதே ஈரத்தைச் சன்னலில் தொங்கும் சாக்குக்கோ வெட்டிவேர்த் தட்டிக்கோ கொடுத்தால் அரை வாளியில் வேலை முடியும். காற்று வறண்ட ஊர்களில் அது நன்றாகவே குளிரும்.

வெயில் ஏறியதும் கிழக்கு, மேற்குச் சன்னல்களை அடைத்துத் திரையை இழுத்துவிட்டு, வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுவது தளம் போட்ட வீட்டுக்குச் சரி. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளுக்கு இது பொருந்தாது. அடைத்தால் உள்ளே அடுப்பாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ இருந்தால், நண்பகல் முதல் நான்கு மணிவரை அவர்களை மரத்தடிக்கோ, பக்கத்துத் தள வீட்டுக்கோ, கோயில் மண்டபத்துக்கோ மாற்றுவதுதான் வழி.

ஃபேன், கூலர், ஏசி

மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்கித்தான் நம்மைக் குளிர வைக்கிறது. அறைக்குள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால், உலர்ந்த உடம்பின் மேல் ஃபேன் ஓடுவது சூட்டை இன்னும் ஏற்றும். அப்போது செய்யவேண்டியது எளிது: கை, கழுத்து, முகத்தை நனைத்துக்கொண்டு, தோளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்காருவது. வியர்வை குறைவாகச் சுரக்கும் வயதானவர்களுக்கு இது மருந்துபோல.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. வகை ஃபேனுக்கு 30 வாட் வாக்கில் போதும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் பழையது 54 யூனிட், புதியது 22 யூனிட். ஒரு ஃபேனுக்கு மட்டும் 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் ஓடும் வீடு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பாட்டியின் அறையில் முதலில் இதை மாட்டுங்கள். அணைக்கச் சொல்லி அவர் மனசு அரிக்காது.

தண்ணீர்க் கூலர் வறண்ட ஊர்களுக்கென்றே பிறந்த சாமான். சென்னையில் அதை வாங்கியவர்கள் திட்டுவார்கள். வேலூரிலும் கரூரிலும் அது ஏசி தின்பதில் ஒரு சிறு பங்கு மின்சாரத்தில் அறையைக் குளிர்விக்கும். ஆனால் சன்னல் திறந்திருக்கவேண்டும். அடைத்த அறையில் கூலர் ஓட்டினால் ஈரம் தங்கி, சொந்தச் செலவில் சென்னைப் புழுக்கத்தை வரவழைத்த கதைதான்.

ஏசி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இதயநோயாளியோ நிறைமாதக் கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் அது ஆடம்பரமும் அல்ல. ஆனால் ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுப்பதாக வைத்தால், தினம் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 480 யூனிட். நம் ஊர் மின்கட்டணத்தில் 500 யூனிட் ஒரு பெரிய பள்ளம். 2022-இல் மாற்றியமைத்த முறைப்படி, அதைத் தாண்டிய வீட்டுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் இரட்டிப்பாகிவிடும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் இதே கதைதான். ஏசியை 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்து மேலே ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. வீடு முழுக்க ஏசி இல்லாவிட்டால் என்ன? கத்திரி முடியும்வரை எல்லாரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அது திருவிழா.

குடிக்கும் தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம்

தாகம் எடுத்தபிறகு குடிப்பது தாமதம். அதிலும் முதியவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் உள்ளே போகிறது. கட்டஞ்சாயா நிறத்துக்குப் போனால் குறைகிறது என்று பொருள். உள்மாவட்ட ஆஸ்பத்திரிகளில் கோடையில் சிறுநீரகக் கல் வலியோடு வருகிறவர்கள் கூடுவதற்கு இந்தக் குறைவும் ஒரு காரணம்.

வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்து வெயிலில் வேலை செய்தால், வியர்வையில் போன உப்பு திரும்பி வராது. கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், கம்மங்கூழ், பானகம் எல்லாம் வயலில் உழைத்தவர்கள் கண்டுபிடித்த தீர்வுகள். கடைப் பாட்டிலைவிட மலிவு. நுங்கு, வெள்ளரி, தர்பூசணி ஆகியவையும் அந்தந்தப் பருவத்தில் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்துவிடும். பழைய சோறு மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும். கத்திரி நாட்களில் அது வேகமாகப் புளிக்கும். வழுவழுப்போ கெட்ட வாடையோ வந்தால் மாட்டுத் தொட்டிக்குத்தான். சாலையோர ஜூஸில் எனக்குப் பயம் பழத்தைப் பற்றியது அல்ல, ஐஸைப் பற்றியது. மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ்கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்ததோ! மஞ்சள் காமாலையும் டைபாய்டும் வருகிற வழி அது. "ஐஸ் போடாதீங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

வயிற்றுப்போக்கோ கடும் சோர்வோ வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் முதல் மருந்து. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொண்டே ஏராளமான உயிர்களைக் காத்தார். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பொட்டலம் இலவசம். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவில்தான் கரைக்கவேண்டும், பெரியது பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு. பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் கேடு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத அவசரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டப்பாவில் விற்கும் இனிப்புப் பழபானம் இதற்கு மாற்றாகாது.

எல்லாருக்கும் பொருந்தாத அறிவுரை

"நிறையத் தண்ணீர் குடிங்க, இளநீர் குடிங்க" என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதவர்கள் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மருத்துவர் குறித்துக்கொடுத்த அளவுக்குமேல் தண்ணீர் ஆகாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், அவர்களுக்கு அது ஆபத்து. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கோடை தொடங்கும்போதே அளவை மாற்றவேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குப் பானகம் எப்படி இறங்கினாலும் சர்க்கரைதான்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை. "தொண்டை வறண்டுபோகும்" என்று ஒரு சங்கு கொடுக்கச் சொல்வது அன்புதான், ஆனாலும் மறுத்துவிடுங்கள். தாய்க்குத்தான் கூடுதல் தண்ணீர் வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டாலோ மின்வெட்டு நீண்டாலோ, தண்ணீர் உள்ளே புகாத டப்பாவில் குப்பியை வைத்து, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

மயங்கி விழுந்தால்

தலைசுற்றல், குமட்டல், ஈரமாகக் குளிர்ந்த தோல் என்றால் நிழலில் படுக்கவைத்து உப்புக் கரைசல் கொடுத்துத் தேற்றலாம். பேச்சு குழறினால், ஆள் தெரியாமல் உளறினால், வலிப்பு வந்தால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெப்பவாதம். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தாக்கிவிட்டது. 108-க்குச் சொல்லிவிட்டு வண்டிக்காகக் கைகட்டிக் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடங்களில்தான் உயிர் இருக்கிறது. ஆடையைத் தளர்த்தி, தலைமுதல் கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் சுற்றிய துணி. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. கால் பெருவிரலில் எண்ணெய் வைப்பதெல்லாம் அன்றைக்கு நேரத்தைத் தின்னும் வேலை.

டிரம்மின் உள்சுவர்

கடைசியாக, சேமித்த தண்ணீர். வாரம் ஒருமுறை லாரி வரும் தெருவில் டிரம், குடம், அண்டா எல்லாம் நிறைந்திருக்கும். கூலர் தொட்டியும் சேர்ந்துகொள்ளும். டெங்கு கொசு சாக்கடையைவிட இந்த நல்ல தண்ணீரைத்தான் தேடி வருகிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் மூடியில்லாத டிரம்முக்கு வேட்டித் துணியை இறுக்கிக் கட்டுங்கள், வாரம் ஒருநாள் முழுக்கக் காலி செய்யுங்கள். காலி செய்தால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதல் கோடைமழைத் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றிவிடுங்கள், மிச்சம் பிடிக்கவேண்டிய தண்ணீர் இது அல்ல.