பெரிய டர்போவுக்கு முன்னால்

"அண்ணா, பெரிய டர்போ போட்டா எவ்வளவு பவர் ஏறும்?" கோவையில் எங்கள் பட்டறைக்கு வருகிற தம்பிகள் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். வண்டியைத் தினமும் எங்கே ஓட்டுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனையிலும் இரண்டு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றும். மற்றது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் பொருள் இது. சக்கரம் பெரிதானால் தள்ளும் காற்று கூடும், ஆனால் அதைச் சுழற்றவும் அதிகப் புகை வேண்டும். 1,500 ஆர்பிஎம்மிலேயே இழுத்த வண்டி 3,000 தாண்டும்வரை மந்தமாக நிற்கும், பிறகு சட்டென்று பாயும். அவிநாசி ரோட்டு நெரிசலில் அந்த வண்டியை ஓட்டுவது வேதனை.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இல்லையென்றால் நாக்கிங் வந்து பிஸ்டன் உடையும். அதனால் இன்ஜெக்டர், பம்ப், இசியு மேப், கிளட்ச் எல்லாமே கணக்கில் வரும். அழுத்திய காற்று ஒரு பார் பூஸ்டிலேயே நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகும். பழைய இன்டர்கூலர் அதைத் தாங்காது. டர்போவுக்கு மட்டும் காசு சேர்த்து வருபவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

டர்போ மாட்டுகிற அன்று நான் யாரையும் அவசரப்படுத்த விடமாட்டேன். அந்தத் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுவேன். பிறகு பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். உலர்ந்த தண்டோடு எஞ்சினை ஓடவிட்டால் சில விநாடியிலேயே புஷ் தேய்ந்துவிடும். பழைய ஆயில் பைப்பைத் திரும்பப் போடுவதும் கூடாது, உள்ளே படிந்த கரி ஆயிலின் வழியை அடைத்துவிடும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம்.

ஆசை அடங்காதவர்கள் பந்தயத்துக்கென்று தனி வண்டி வைத்துக்கொள்ளுங்கள். செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. வீட்டுக் காரை அப்படியே விட்டுவிடுங்கள், தம்பி.