ஊர் மன்றத்தில் யாருக்கெல்லாம் இடம்?

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் பெரும்பாலான ஊர்களில் நாற்சந்தியிலோ கோயில் திடலுக்கு அருகிலோ ஓர் இளைஞர் மன்றத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். நற்பணி மன்றம், விளையாட்டுக் கழகம், நண்பர்கள் குழு எனப் பெயர்கள் மாறும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். மாலையில் கபடி அல்லது கைப்பந்து, விடுமுறையில் கிரிக்கெட், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, கோயில் கொடைக்குத் தண்ணீர்ப் பந்தல். அங்கே நிற்பவர்கள் நம்மிடம் படித்துச் சென்ற பிள்ளைகள்தாம். ஒன்பதாம் வகுப்பிலேயே போய்ச் சேர்பவர்களும் உண்டு. பள்ளி மணி அடித்த பிறகு நம் மாணவர்களை வளர்க்கும் இடங்களில் வீட்டுக்கு அடுத்தது இதுதான் என்பது என் எண்ணம்.

அங்கே இல்லாதவர்களையும் நமக்குத் தெரியும். எட்டாம் வகுப்புவரை பந்தை விட்டுக்கொடுக்காமல் ஆடிய மாணவி, காலில் காலிப்பர் அணிந்து வரும் மாணவன், காது கேளாத பிள்ளை, பக்கத்துத் தெருவைச் சேர்ந்தவர்கள். இவர்களை யாரும் வரவேண்டாம் என்று சொல்வதில்லை. ‘வந்தா சேர்த்துக்குவோம் சார்’ என்றுதான் மன்றத்து இளைஞர்கள் என்னிடம் சொல்வார்கள். உண்மையாகவே சொல்வார்கள். ஆனால் ஆட்டம் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும். திடலுக்குப் போகும் வழியில் விளக்கு இருக்காது. ஆட்ட விதியோ இரண்டு கால், இரண்டு காது உள்ளவருக்கென்றே வகுக்கப்பட்டது. யார் வர முடியும் என்பதை நேரமும் இடமும் விதியும் முன்பே முடிவு செய்துவிடுகின்றன. ‘எல்லாரையும் உள்ளடக்கிய செயல்பாடு’ என்று நாம் பயிற்சிகளில் கேட்கும் சொல்லுக்கு, இந்த மூன்றையும் மாற்றுவது என்றே நான் பொருள் கொள்கிறேன்.

இது வெறும் கருணையைச் சார்ந்த செய்தியன்று. குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் ஒவ்வொரு குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 30-ஆம் பிரிவில் விளையாட்டில் பங்கேற்பதற்கான வழிவகைகளைச் செய்யுமாறு அரசைப் பணிக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. மாவட்ட அளவில் கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவுவரை பிள்ளையை அழைத்து வரவேண்டியது ஊர்தான்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரிகள் தேர்வில் நடந்த உடல்திறன் சோதனையின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். ஊருக்குத் திரும்பிய அவர் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அது உலக ஊனமுற்றோர் ஆண்டு. தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நான் அங்கிருந்து எடுத்துக்கொண்ட பாடம், சங்கம் பிள்ளைகள் வரட்டும் என்று ஆய்க்குடியிலேயே காத்திருக்கவில்லை என்பதுதான். பணியாளர்கள் கிராமங்களுக்கு, வீடுகளுக்குப் போகிறார்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து படிக்கும் பள்ளியையும் சங்கம் நடத்துகிறது.

விதியை மாற்றினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று மன்றத்தில் சொல்வார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டைச் சொல்லிப் பார்க்கலாம். பந்துக்குள் குலுங்கும் குண்டுகள். பந்துவீச்சு தோளுக்குக் கீழே. பதினொருவரில் குறைந்தது நான்கு பேர் முழுப் பார்வையற்றவராக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரண்டாகக் கணக்கிடப்படும். இதற்கு உலகக் கோப்பையே நடக்கிறது. அமர்ந்து ஆடும் கைப்பந்துக்கு வலையை இறக்கிக் கட்டினால் போதும்: ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டால் காலின் வலு பின்னுக்குப் போய்விடும். எங்கள் பள்ளியில் ஆடிப் பார்த்தபோது முதலில் களைத்துப் போனவர்கள் நன்றாக ஓடக்கூடியவர்களே!

கபடியில் ஒரு சிக்கல் எழுந்தது. பாடிப்போகிறவர் ‘கபடி கபடி’ என்று விடாமல் சொல்ல வேண்டும். பேச்சு வராத மாணவன் என்ன செய்வான்? இன்றைய கபடியில் ஒரு ‘ரைடு’க்கு 30 விநாடிதான் என்ற வரம்பு உண்டு. அவன் முறைக்குப் பாட்டை விட்டுவிட்டு விநாடியை மட்டும் எண்ணினோம். முடிந்ததும் விசிலோடு சிவப்புத் துணியும் உயரும். இந்த ஏற்பாட்டைச் சொன்னவன் அவனோடு ஆடும் வகுப்புத் தோழன். பிள்ளைகளிடம் கேட்டால் வழி கிடைக்கிறது.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டச் சொன்னவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில், மாற்றுத்திறன் இல்லாதவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார் மாரியப்பன். பிறகுதான் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். தனிப் பிரிவு கிடைக்கும்வரை அந்த ஆசிரியர் காத்திருக்கவில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. பொங்கல் போட்டி அறிவிப்பைப் பாருங்கள்: ஆண்களுக்குக் கபடி, உறியடி, மெதுவாக மிதிவண்டி ஓட்டுதல், பெண்களுக்குக் கோலம், இசை நாற்காலி. கோலத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் திடல் ஒரு சாராருக்கும், ஒரு நாள் வாசல் மற்றவருக்கும் என்றால் அது பங்கீடு ஆகாது. மாலை ஐந்து முதல் ஆறுவரை திடல் மாணவிகளுக்கு என்று மன்றமே அறிவித்தால் பெற்றோர் அனுப்புகிறார்கள். ஆசிரியை ஒருவரோ சுயஉதவிக் குழுவினர் இருவரோ உடன் இருந்தால் தயக்கம் இன்னும் குறையும்.

தெருக்களைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும். நம் பகுதியில் பல மன்றங்கள் ஒரே தெருவின் மன்றங்கள். சீருடை நிறமே அதைச் சொல்லிவிடும். மாணவர்கள் அணியும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டுமென நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்ததை நாம் அறிவோம். கயிற்றை அறுப்பதோடு, அணியையும் கலக்க வேண்டும். ‘தெருவுக்கு ஓர் அணி’ என்று வைக்காமல் சீட்டுக் குலுக்கி அணி பிரித்தால் ஒரே நாளில் ஒருவரின் பெயர் மற்றவருக்குத் தெரிந்துவிடும். மகிழ் முற்றத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நாம் ஏற்கெனவே பிரித்துப் பழக்கியதுதானே? அதே பெயர்களை ஊர்ப் போட்டிக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

மன்றத்தோடு பேசத் தனி அதிகாரம் எதுவும் வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. அவர்களில் ஒருவர் பெரும்பாலும் மன்றத்திலும் இருப்பார். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை ஒரு மாலை திடலுக்கு அழைத்தால், எந்தப் பிள்ளை எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை இளைஞர்களுக்கு நேரிலேயே காட்டுவார். வலிப்பு, இதய நோய் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் கருத்தைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

பொங்கல் விளையாட்டுக்கான கூட்டம் பெரும்பாலும் மார்கழியில், அரையாண்டுத் தேர்வு முடியும் வாரத்தில் நடக்கிறது. அதற்கு முன்பே, கடந்த ஆண்டு எந்தப் போட்டியிலும் பெயர் வராத மாணவர்களின் பட்டியலை வகுப்பு வாரியாக எழுதி மன்றச் செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். பெயருக்கு எதிரே அந்தப் பிள்ளையே கேட்ட விளையாட்டையும் குறித்திருப்பேன்.