மருந்து என்றொரு சொல்: ஊவாவின் இடியன் துவக்கு

பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், 'எங்கள் வீடு' என்ற கட்டுரையில் "அப்பா காலத்துத் துவக்கு இன்னும் பரணில் இருக்கிறது" என்று எழுதியிருந்தான். 'துவக்கு' என்பதைத் 'துப்பாக்கி' என்று திருத்துவதற்காகச் சிவப்புப் பேனையை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அந்தச் சொல்லில் பிழை இல்லை. பிழை இருந்தால் அது பரணில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். துருக்கியர் 'துஃபெக்' என்றார்கள். பாரசீகத்தில் அது 'துஃபங்'. அந்த வழியில் வந்த சொல்தான் தமிழகத்தில் 'துப்பாக்கி' என்றும், இலங்கையில் நம் வாயில் 'துவக்கு' என்றும், சிங்களத்தில் 'துவக்குவ' என்றும் நிற்கிறது. 2023 இறுதியில் நெதர்லாந்து திருப்பித் தந்த கண்டிக்காலப் பொருட்களில், லெவ்கே திசாவையின் பீரங்கியோடு 'மஹ துவக்கு' எனப்படும் இரண்டு பெருந்துவக்குகளும் இருந்தன. ஆக, துவக்கு என்று எழுதும் பிள்ளை கொச்சை எழுதவில்லை; இந்தத் தீவின் இரு மொழிகளுக்கும் பொதுவான ஒரு சொல்லை எழுதுகிறான்.

அதைவிட வியப்பானது 'மருந்து' என்ற சொல். வெடிக்கும் கறுப்புத் தூளை நாம் வெடிமருந்து என்கிறோம். சிங்களத்தில் 'வெடி பெஹெத்'. பெஹெத் என்றாலும் மருந்துதான். இந்தத் தூளைக் கண்டுபிடித்த சீனரும் அதைத் 'தீ மருந்து' என்றே அழைத்தனர். உயிரைக் காக்கும் பொருளின் பெயரை உயிரெடுக்கும் பொருளுக்கு ஏன் வைத்தார்கள்? அதன் உயிர்நாடியான வெடியுப்பு, உண்மையிலேயே மருந்துக்கடைச் சரக்காக இருந்ததுதான் காரணம். மாலகாவில் பிறந்து 1248 இல் திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், தம்முடைய மருந்துப் பொருள் நூலில் இந்த உப்பைக் குறிப்பிடுகிறார். எகிப்திய மருத்துவர்கள் அதைச் 'சீனத்துப் பனி' என்றும், மஃரிபு நாட்டார் 'பாரூத்' என்றும் அழைத்ததாக எழுதுகிறார். உப்பின் பெயராயிருந்த பாரூத் பின்னர் வெடிமருந்துக்கே பெயராகிவிட்டது. அதே நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்-ரம்மாஹ், வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு சுத்திகரிக்கும் முறையை விளக்கியிருக்கிறார்.

அந்தச் சாம்பல் முறை நம் மலைகளிலும் இருந்தது. 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ வைத்தியராக இருந்த ஜோன் டேவி, தும்பறைப் பகுதியின் மீமுரைக் குகையில் வெடியுப்பு எடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். குகை மண்ணோடு சாம்பலைக் கலந்து, நீர் விட்டு வடித்து, அந்த நீரைக் காய்ச்சினால் உப்பு படியும். அதோடு கரியும் கந்தகமும் சேர்ந்தால் மருந்து. உப்பு நெருப்புக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொடுக்கிறது, கரி எரிகிறது, கந்தகம் சீக்கிரம் பற்ற வைக்கிறது. வெளிக்காற்று தேவையில்லாததால்தான் மூடிய குழலுக்குள்ளும் அது எரிகிறது.

இனித் துவக்குக்கு வருவோம். பசறைப் பக்கத்தில் எங்கட குடும்பத்திற்கு ஒரு சேனை இருந்தது. குரக்கனும் சோளமும் போட்டால் காட்டுப்பன்றி ஒரு பக்கம், முள்ளம்பன்றி மறுபக்கம். அப்பாவிடம் (எங்கள் ஊரில் தகப்பன் வாப்பா, வாப்பாவின் தகப்பன் அப்பா) பயிர்க்காவலுக்கென அனுமதிப்பத்திரத்தோடு ஓர் இடியன் துவக்கு இருந்தது. குழலின் வாய்வழியாக மருந்தைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குவதால் அந்தப் பெயர்.

அவர் நிரப்பும் விதம் ஒரு தொழுகையின் ஒழுங்கு மாதிரி இருக்கும். ஒன்றை விட்டு ஒன்று தாண்டாது. முதலில் இடிகம்பியை வெறுங்குழலுக்குள் விட்டுப் பார்ப்பார். கம்பியில் ஒரு கீறல் உண்டு. குழல் காலியென்றால் கீறல் சரியாக வாயில் நிற்கும். பிறகு கொம்பிலிருந்து மருந்தை ஒரு சின்ன அளவைக்குள் கொட்டி, அதிலிருந்தே குழலுக்குள் போடுவார். கொம்பை ஒருபோதும் நேரே குழல்வாயில் வைக்கமாட்டார். முந்திய வெடியின் ஒரு பொறி உள்ளே இருந்தால், கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். அதன்மேல் தும்புத் தக்கை, பிறகு ஈயச் சன்னம், மீண்டும் தக்கை. "இடைவெளி விடாதே மகன், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில காத்து நிண்டா குழல் பிளந்திடும்" என்பார். கம்பியை வெளியே எடுத்து நிலத்தில் வைத்த பிறகுதான் கெப். குதிரையை அரைவாசி இழுத்து நிறுத்தி, சிறு குமிழில் கெப்பை வைப்பார். கெப் வெடித்துத் துவக்கு வெடிக்காவிட்டால், குழலைக் காட்டுப் பக்கம் நீட்டியபடியே நிற்பார். மருந்து உள்ளே புகைந்துகொண்டிருக்கலாம், பிந்தி வெடிக்கலாம்.

சுட்டு விழுந்தது முயலானால் கத்தியோடு ஓடுவார். குண்டு வெட்டுவதில்லை, அடித்துக் கொல்கிறது. ஆகவே உயிர் இருக்கும்போதே அறுத்தால்தான் ஹலால் என்பது எங்கள் பக்கத்து ஆலிம்கள் சொல்லித்தந்த ஷாபி மத்ஹபுச் சட்டம்.

சுட்ட அன்றே கழுவ வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். கறுப்பு மருந்து எரிந்தபின் குழலில் படியும் உப்புக்கரி ஈரத்தை இழுக்கும். ஊவாவின் பனியில் ஓரிரவு போதும், துரு பிடிக்க. எண்ணெய் மட்டும் பூசினால் அந்த உப்பு போகாது. கொதிநீர் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் தேய்த்து, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய். துரைமார் வைத்திருந்த பழைய கெப் ரிவோல்வர்களுக்கும் இதே விதிதான். 1836 இல் கோல்ட் காப்புரிமை பெற்ற அந்த வகையில் ஒவ்வோர் அறையையும் முன்பக்கமிருந்து நிரப்புவார்கள். ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவாமலிருக்கக் குண்டின்மேல் கொழுப்புப் பூசுவது வழக்கம்.

பதுளைச் சரித்திரத்தில் இந்த ஆயுதத்திற்குப் பெரிய இடமுண்டு. இங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். பதுளை சென் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது.

அதற்கு முந்திய கதையில் நம் பெயரும் வருகிறது. 1817 இல் பிரித்தானியர் வெல்லஸ்ஸையில் ஹாஜி மரிக்காரை முகாந்திரமாக நியமித்தனர். அது மில்லேவ திசாவையின் அதிகாரத்தைக் குறைத்தது; எழுந்த கலகத்தில் ஹாஜி மரிக்கார் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சன் துவக்கால் அல்ல, அம்பால் இறந்தார். கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிபொல கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். ஆனால் பிரித்தானியர் கொடுத்த துவக்குகளைத் திருப்பி அனுப்பிவிட்டே சேர்ந்தார். "சேர், எங்கட ஆக்கள் அந்தப் பக்கமா?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு மனிதருக்குக் கிடைத்த பதவி ஒரு சமூகத்தின் தீர்மானமல்ல என்பேன். மறைத்தால்தான் அது குற்றமாகத் தெரியும்.

இன்றைய நிலை வேறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துவக்குச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி இடியன் வைத்திருப்பதும் குற்றம். அதைவிடக் கொடியது, பன்றி வரும் வழியில் கயிறு கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு. கயிற்றைத் தட்டுவது பன்றியா, விறகுக்குப் போகும் தோட்டத்துப் பெண்ணா என்று அதற்குத் தெரியாது. முழங்காலுக்குக் கீழே போனவர்களை இந்த மலைகளில் காணலாம். சிலர் நாட்டுத் துவக்கில் புகையில்லா மருந்தைப் போடுகிறார்கள். 1884 இல் பிரான்சில் பிறந்த அந்த மருந்தின் அழுத்தத்தைப் பழைய குழல் தாங்காது.

இனி அந்தப் பரண். கறுப்பு மருந்து உலர்ந்திருந்தால் நூறு வருடமானாலும் சாகாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 140 ஆண்டுக்கு முந்திய உள்நாட்டுப் போர்க் குண்டொன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் 2008 இல் அது வெடித்து இறந்தார். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் 1863 இல் பொறுக்கிய 27,000 இற்கும் மேற்பட்ட துவக்குகளில் சுமார் 24,000, நிரப்பியபடியே கிடந்ததாகப் பதிவு உண்டு. மனிதன் இறந்துபோகிறான், நிரப்பியது நிரப்பியபடி காத்திருக்கிறது.

மாணவனின் வாப்பாவைச் சந்தித்தேன். அனுமதிப்பத்திரம் மௌத்தானவரின் பெயரில். புதுப்பிக்கவில்லை, சொல்லப் பயம். "சும்மா கிடக்கிற இரும்பு சேர், பிள்ளையள் எடுத்து விளையாடுவினம்" என்றார். அந்தக் கடைசிச் சொல்தான் என்னை அங்கேயே உட்கார வைத்தது. பள்ளி மரிக்காரையும் கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனோம். யாரும் அதைத் தொட வேண்டாம், நாங்களே வருகிறோம் என்றார்கள்.

வந்த அதிகாரி, என் அப்பாவைப் போலவே, முதலில் இடிகம்பியைத்தான் மெதுவாக உள்ளே விட்டார். விரலால் அடையாளம் பிடித்து, கம்பியை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து அளந்தார். நான்கு விரற்கடை குறைந்தது.

"பெஹெத் தியெனவா" என்றார். மருந்து இருக்கிறது.