எலாமிபிரிடைடு: செயல்முறை விளக்கமும் மருத்துவச் சான்றும்

ஆய்வுச்சுருக்கம்

எலாமிபிரிடைடு என்பது நான்கு அமினோ அமிலங்களால் ஆன செயற்கைப் பெப்டைடு மருந்தாகும். மாரடைப்பு, தசைநோய், விழித்திரைத் தேய்வு எனப் பல நோய்களுக்காக ஆராயப்பட்ட இம்மருந்து, 2025ஆம் ஆண்டில் பார்த் நோய்க்குறி என்னும் அரிய மரபுநோய்க்கு அமெரிக்காவில் விரைவு ஒப்புதல் பெற்றது. ஒரு மருந்து உயிரணுவில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை அறிவதும், அது நோயாளிக்குப் பயன்தருகிறது என்பதை நிறுவுவதும் வெவ்வேறானவை என்பதை இம்மருந்தின் வரலாற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெப்டைடு மருந்து, இழைமணி, கார்டியோலிப்பின், பார்த் நோய்க்குறி, மருத்துவச் சான்று.

முன்னுரை

உயிரணுவுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி மைட்டோகாண்டிரியா எனப்படும் இழைமணிகளில் உருவாகிறது. இதயம், எலும்புத்தசை, விழித்திரை ஆகியவை இவ்வாற்றலைப் பெரிதும் சார்ந்துள்ளன. எனவே, இழைமணியின் குறையைச் சீர்செய்யும் மருந்து பல நோய்களுக்கு உதவும் என்னும் எதிர்பார்ப்பு இயல்பானதே. அவ்வெதிர்பார்ப்பு எந்த அளவிற்கு நிறைவேறியது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பும் செயல்முறையும்

நியூயார்க்கிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹேசல் செட்டோவும் கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர் பீட்டர் ஷில்லரும் ஓப்பியாய்டு வகைப் பெப்டைடுகளை ஆராய்ந்து வந்தனர். அவ்வாய்வின்போது, சில சிறு பெப்டைடுகள் உயிரணுவிற்குள் எளிதில் நுழைந்து இழைமணியில் செறிவதைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று எஸ்எஸ்-31 எனப் பெயர் பெற்றது. அதுவே இன்றைய எலாமிபிரிடைடு ஆகும்.

ஆர்ஜினின், டைமெத்தில்டைரோசின், லைசின், பினைல்அலனின் என்பது இதன் வரிசை. பெப்டைடுகள் பொதுவாக உடலின் நொதிகளால் விரைவில் சிதைக்கப்படும். இங்கு ஆர்ஜினின், இயற்கைப் புரதங்களில் உள்ள வடிவத்தின் ஆடிப் பிம்பமாக அமைந்திருப்பதால் அச்சிதைவு தடுக்கப்படுகிறது.

இழைமணியின் உட்சவ்வில் கார்டியோலிப்பின் என்னும் கொழுப்புப்பொருள் உள்ளது. எதிர்மின்னூட்டம் கொண்ட இப்பொருள், சவ்வின் மடிப்புகளையும் ஆற்றலாக்கப் புரதங்களின் ஒழுங்கையும் பேணுகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட எலாமிபிரிடைடு இதனுடன் பிணைந்து சவ்வை நிலைப்படுத்துகிறது. தொடக்கத்தில் இம்மருந்து ஆக்சிசனேற்ற எதிர்ப்பியாகவே கருதப்பட்டது. ஆனால், அப்பண்பு இல்லாத அதன் இனப் பெப்டைடான எஸ்எஸ்-20 என்பதும் பாதுகாப்பளித்தமையால், கார்டியோலிப்பின் பிணைப்பே முதன்மைக் காரணம் என்னும் கருத்து வலுப்பெற்றது.

சோதனைகளின் பாதை

விலங்காய்வுகள் நம்பிக்கையளித்தன. ஆயினும், மாரடைப்பு நோயாளிகளிடம் மேற்கொள்ளப்பட்ட சோதனையில் இதயத்தசைச் சேதத்தின் அளவு குறையவில்லை. முதன்மை இழைமணித் தசைநோயாளிகள் 218 பேரிடம் 24 வாரங்கள் நடைபெற்ற மூன்றாம் கட்டச் சோதனையிலும், ஆறு நிமிட நடைத்தொலைவிலோ சோர்விலோ மருந்துப்போலியைவிட மேலான பயன் காணப்படவில்லை.

பார்த் நோய்க்குறி இவற்றினின்றும் வேறுபட்டது. கார்டியோலிப்பினை முதிர்ந்த வடிவிற்கு மாற்றும் டஃபாசின் புரதத்தின் மரபணுப் பிழையே இந்நோய்க்குக் காரணம். அம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளே பாதிக்கப்படுகின்றனர். இதயத்தசை நோய், தசைத்தளர்ச்சி, வெள்ளணுக் குறைவு ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகளாகும். மருந்து செயற்படும் இடமும் நோய் தோன்றும் இடமும் இங்கு ஒன்றாகவே உள்ளன.

இருப்பினும், 12 நோயாளிகள் மருந்தையும் மருந்துப்போலியையும் தலா 12 வாரங்கள் மாறிமாறிப் பெற்ற சோதனையில் முதன்மை இலக்குகள் எட்டப்படவில்லை. அதன்பின் அனைவருக்கும் மருந்தே வழங்கப்பட்ட நீட்டிப்புக் கட்டத்தில், 168ஆம் வாரத்தில் நடைத்தொலைவு சராசரியாக ஏறத்தாழ 96 மீட்டர் கூடியிருந்தது.

சான்று பற்றிய சிக்கல்

இந்த 96 மீட்டரை எவ்வாறு பொருள்கொள்வது என்பதே சிக்கல். நீட்டிப்புக் கட்டத்தில் ஒப்பீட்டுக் குழு இல்லை. தாம் மருந்து பெறுவதை நோயாளிகள் அறிந்திருந்தனர். நடைத்தொலைவோ முயற்சியையும் ஊக்கத்தையும் பொறுத்து மாறக்கூடியது. மேலும், நீட்டிப்பில் இறுதிவரை தொடர்ந்தோர் 8 பேர் மட்டுமே. மறுபுறம், பல்லாண்டுத் தசைத்தளர்ச்சி 12 வாரங்களில் மாறாதிருப்பது வியப்பன்று என்னும் வாதத்தையும் புறக்கணிக்க இயலாது. நோயாளிகளே மிகச் சிலராக இருக்கையில் பெரிய சோதனையைக் கோருவது, சோதனையே வேண்டா என்பதற்கு ஒப்பாகிவிடும்.

இத்தடுமாற்றம் ஒப்புதல் வரலாற்றிலும் வெளிப்பட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 10க்கு 6 என்னும் வாக்குகளில் மருந்தை ஆதரித்தது. 2025 மே மாதம் நிர்வாகம் ஒப்புதல் வழங்க மறுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில், முழங்காலை நீட்டும் தசையின் வலிமை கூடியதை இடைநிலைச் சான்றாக ஏற்று, 30 கிலோகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள நோயாளிகளுக்கு விரைவு ஒப்புதல் அளித்தது. பயனை உறுதிசெய்யும் மேலாய்வு இவ்வகை ஒப்புதலுக்குரிய கடப்பாடாகும்.

முடிவுரை

பொதுவான செயல்முறையை நம்பிப் பல நோய்களில் சோதிக்கப்பட்ட எலாமிபிரிடைடு, நோயின் வேர்க்காரணத்தோடு நேரடித் தொடர்புள்ள அரிய நோயிலேயே முதல் ஒப்புதலைப் பெற்றது. எந்நோயில் சோதிப்பது என்பதற்குச் செயல்முறை அறிவு வழிகாட்டுகிறது; பயன் உண்டா என்பதற்கு நோயாளிகளிடம் பெறும் அளவீடே விடை தரும். சான்று முழுமையடையும்வரை காத்திருந்தால் இன்றைய குழந்தைகள் வாய்ப்பை இழக்கக்கூடும். காத்திராவிடில் பயனற்ற மருந்தை அவர்கள் நாள்தோறும் ஊசிவழி ஏற்க நேரலாம். விரைவு ஒப்புதல் இவ்விரு தீங்குகளுக்கும் இடைப்பட்ட ஏற்பாடு. உறுதிசெய்யும் ஆய்வு உரிய காலத்தில் முடிக்கப்பட்டால் மட்டுமே அவ்வேற்பாடு நியாயமானதாகும்.