தேநீரில் ஊறிய பழக் கேக்



டிசம்பர் பிறந்துவிட்டால் ஐதராபாத், சிகந்தராபாத் பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் கறுத்த பழக் கேக் வந்து அமர்ந்துவிடும். 'பிளம் கேக்' என்பது பெயர். பிளம் பழமோ அதில் பெரும்பாலும் இராது. உலர்ந்த திராட்சையையும் முன்னாளில் ஆங்கிலேயர் பிளம் என்றே அழைத்தனர். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் இதன் கதையைத் தலைச்சேரியிலிருந்து தொடங்குவர். அன்று அது சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்த ஊர். பர்மாவில் தொழில் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாபு என்பார் அங்கே பிஸ்கட் தொழிற்கூடம் நடத்தினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்னும் தோட்ட முதலாளி சீமைக் கேக் ஒன்றைக் காட்டி, "இதுபோல் செய்ய இயலுமா?" என்றாராம். பாபு அந்நிய பிராந்தியை நாடவில்லை. முந்திரிப் பழமும் கதலிப் பழமும் கொண்டு இறக்கிய உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார். கேக் வெற்றி பெற்றது என்பது அவ்வூரில் வழங்கும் செய்தி.

பழத்தை ஏன் ஊறவைக்க வேண்டும்? உலர்ந்த பழம் நீரை இழந்த பழம். அப்படியே இட்டால் மாவின் ஈரத்தை உறிஞ்சிக் கேக்கை வறளச் செய்யும். ரம், பிராந்தி ஆகியவை பழத்துக்கு மணம் ஊட்டுவதோடு, கேக் விரைவில் பூசணம் பிடிக்காமலும் காக்கும். தேநீரின் பணி வேறு. அதன் துவர்ப்பு இனிப்பின் திகட்டலை அடக்கும். அயர்லாந்தின் பார்ம்பிராக், வேல்ஸ் நாட்டின் பாரா பிரித் ஆகிய பழ ரொட்டிகளுக்குத் தேநீரில் பழம் ஊறவைப்பது வழக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "சுட்டால் மது முழுதும் பறந்துவிடும்" என்று கூறிப் பரிமாறுவோர் உளர். அது உண்மையன்று. ஒரு மணி நேரம் வெந்தபின் ஏறத்தாழக் காற்பங்கும், இரண்டு மணி நேரத்திற்குப் பின் பத்தில் ஒரு பங்கும் எஞ்சும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை கூறுகிறது. சுட்டபின் மேலே ஊற்றுவதோ பெரும்பாலும் அப்படியே தங்கும். சமயத்தாலோ கொள்கையாலோ மதுவைத் தொடாத தோழர் விடுதியில் பலர். அவரிடம் மறைத்து ஊட்டுவது நட்பாகுமா? மேலும், தெலங்கானாவில் 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்பது சட்டப்படி குற்றம். ஆகவே நமக்கு ஏற்றது தேநீரே!

ஐதராபாத்தின் இரானிச் சாயா இதற்கு உதவாது; பால் கலவாத தேநீரே வேண்டும். கால் லிட்டர் கொதிநீரில் மூன்று தேக்கரண்டித் தேயிலையை ஐந்து நிமிடம் வைத்து வடிகட்டுக. உலர்திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் மிட்டாய் எல்லாம் சேர்த்து அரைக் கிலோவைச் சூட்டோடு அதில் இடுக. ஓர் இரவு போதும். ரம்மில் பழம் பல வாரம் கிடக்கும். தேநீரிலோ நாட்பட்டால் புளித்துவிடும்.

மறுநாள் பழத்தை வடித்துக்கொள்க. 200 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் சர்க்கரையையும் நுரைக்கக் குழைத்து, நான்கு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க. 250 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது பட்டை, கிராம்பு, சாதிக்காய்ப் பொடி ஆகியவற்றைக் கலந்து இடுக. கருநிறத்துக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு நான்கு கரண்டி ஊற்றி, இறுதியில் பழத்தைச் சேர்க்க. மாவு கெட்டியாக இருந்தால்தான் பழம் அடியில் தங்காது.

தாள் விரித்த தகரத்தில் ஊற்றி, 150 டிகிரி செல்சியசில் இரண்டு மணி நேரம் சுடுக. சூடு மிகுந்தால் மேற்புறம் கருகும், நடுப்பகுதி வேகாது. குத்திய ஈர்க்கில் மாவு ஒட்டாவிடில் கேக் வெந்துவிட்டது. விடுதியில் அடுப்பில்லையே என்பீர்கள். வீட்டுக் கலவையைச் சுட்டுத் தரும் பேக்கரிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாள் மூடி வைத்து, மறுநாள் வெட்டுங்கள். நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்ல இயலாத தோழர் எவரும், யாதொரு தயக்கமுமின்றி, ஒரு துண்டு கேட்டு வாங்கலாம்.